போருஹ் மாமாவுக்குப் பத்துப் பேர்

கொலோனியா பெனியேல், எந்த்ரே ரியோஸ்
12 ஏப்ரல் 1957

என் தம்பி நவூமுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? அங்கே காற்று இன்னும் ஆளைத் தூக்கிக்கொண்டு போகிறதா? இங்கே நானும் பிள்ளைகளும் பதினாறு மாடுகளும் சுகம். உன் அத்தான் இசிதோரோவுக்கு முட்டிவலி. அதைப் பற்றி அவர் புலம்பாத நாளே கிடையாது என்பதால் அவரும் சுகம் என்றே எழுதுகிறேன்.

ஒரு செய்தி. போன செவ்வாய்க்கிழமை போருஹ் மாமா காலமானார். கோழி அறுக்கும் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். மால்கே அத்தை பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். "நகத்துல வச்சுக் கத்தியப் பாத்தாரு, 'ம், ஆச்சு'ன்னாரு, அவ்ளோதான்டி" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். பாஸ்கா வருகிற வாரம். ஊரில் முறைப்படி கோழி அறுக்க ஆளில்லை. அது போகட்டும், நம் யூதச் சட்டம் தெரிந்த ஒரே மனிதரும் அவர்தானே. இது கூடுமா, அது கூடாதா என்று கேட்டால் சபைத் தலைவர் கோரின் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்கிறார்.

உனக்கு அவர் மேல் கோபம் என்று தெரியும். போன மனிதரிடம் என்ன கோபம்? நீ ஊரை விட்டுப் போய்ப் பதினாலு வருஷம் ஆகப் போகிறது. இந்த வருஷமாவது புத்தாண்டுக்கும் பெருநோன்புக்கும் இங்கே வா. பழைய பேச்சை யாரும் எடுக்க மாட்டார்கள். நானும் எடுக்க மாட்டேன்.

கம்பளிச் சட்டை ஒன்று அனுப்பியிருக்கிறேன். அளவு சரியா என்று எழுது.

உன் அக்கா,
பெர்லா


கொமொதோரோ ரிவதாவியா
6 மே 1957

அன்புள்ள அக்கா,

நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்க வேண்டும். சட்டை சரியான அளவு. கை மட்டும் ஒரு சாண் நீளம். நான் இன்னும் வளர்வேன் என்று நினைத்துப் பின்னினாயா? இங்கே எண்ணெய்க் கிணற்றுப் பம்புகளோடு மல்லுக்கட்டி என் வண்டி ஓடுகிறது.

போருஹ் போய்விட்டார் என்று எழுதியிருந்தாய். எனக்கு அழுகை வரவில்லை. அதற்காக என்னைக் கல்நெஞ்சன் என்று சொல்லாதே. இனி மறைக்க ஒன்றுமில்லை, சொல்கிறேன்.

அந்த நோன்பு நாளில் நான் சாப்பிட்டேன். உண்மைதான். ஆனால் திமிரில் சாப்பிடவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பே எனக்குச் சர்க்கரை என்று டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். அப்பாவை எடுத்துக்கொண்டு போன அதே சர்க்கரை. அம்மாவுக்குத் தெரிந்தால் அன்றைக்கே படுத்துவிடுவாள் என்று யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும்தான். போருஹ் ஒருவரிடம் மட்டும் போய், "மாமா, நோன்பு இருக்கலாமா?" என்று கேட்டேன். "நீ சாப்பிடாம இருந்தாத்தான்டா பாவம். உசிரு போனா நோன்பு யாருக்கு?" என்றார். அவரே ரொட்டி கொண்டு வந்து லாயத்தில் வைத்து அளவு சொல்லிக் கொடுத்தார். ஒரு பேரீச்சம்பழம் அளவுக்குக் குறைவாக ஒரு வாய். பிறகு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். பிறகு இன்னொரு வாய். வெளியே சொல்ல மாட்டேன் என்று எனக்குச் சத்தியமும் பண்ணினார்.

அவர் ஒருவருக்குத்தான் தெரியும். அன்று மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. இனி நீயே கணக்குப் போட்டுக்கொள்.

இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். நன்றாகத்தான் இருக்கிறேன், பயப்படாதே.

தம்பி,
நவூம்


கொலோனியா பெனியேல்
30 ஜூன் 1957

நவூம், என் கண்ணே,

உன் கடிதம் வந்து ஐந்து வாரமாகிறது. கோதுமை விதைப்பு, மழை, சின்னவனுக்கு அம்மை. எழுத உட்கார்ந்தாலே யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள்.

ஊசியை யார் போடுகிறார்கள்? நீயேவா? தினமுமா? கால் விரல்களைப் பார்த்துக்கொள்கிறாயா? அப்பாவுக்குக் காலில்தான் தொடங்கியது. மாவுப் பண்டங்களைக் குறை. உருளைக்கிழங்கு வேண்டாம். மாத்தே குடிக்கும்போது சர்க்கரை போடாதே, கசப்பாகவே குடி. கண் மங்கினால் உடனே டாக்டரிடம் போ. தனியாக இருக்கிறாயே, ராத்திரி மயக்கம் வந்தால் யார் பார்ப்பார்கள்? பக்கத்து வீட்டுக்காரர்களிடமாவது சொல்லி வை.

என்னிடம் ஏன்டா சொல்லவில்லை? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஒரே ஒரு வார்த்தை.

யார் சொன்னார்கள் என்பதில் நீ எப்படி அவ்வளவு உறுதியாக இருக்கிறாய்? லாயத்துப் பலகையில் எத்தனையோ சந்து.

பேனா கசிகிறது. நிறுத்துகிறேன்.

அக்கா


கொமொதோரோ ரிவதாவியா
18 ஜூலை 1957

அன்புள்ள அக்கா,

எல்லாரும் சுகம்தானே? சின்னவனுக்கு அம்மை இறங்கிவிட்டதா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டரிடம் போகாமலே வைத்தியம் ஆனது போல இருந்தது. கால் விரல் பத்தும் பத்திரமாக இருக்கிறது, எண்ணிப் பார்த்துவிட்டேன்.

எப்படி உறுதி என்று கேட்கிறாய். பலகைச் சந்து வழியாகப் பார்த்தவன் "நவூம் சாப்பிட்டான்" என்று கத்தலாம். ஆனால் யாரும் கத்தவில்லையே. தொழுகைக் கூடத்தில் பெண்கள் மாடத்திலிருந்து ஏதோ சிரிப்புச் சத்தம் கேட்டது. அது கீழே இறங்கிக் கிசுகிசுப்பாகப் பரவியது. நோன்பு முடிகிற வேளையில் ஆட்டுக் கொம்பை ஊத நான் எழுந்து நின்றேன். கோரின் வந்து, "வயித்துல ரொட்டியோட கொம்பூத வேணாம், குடு" என்று கையிலிருந்ததைப் பிடுங்கினார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் போருஹைப் பார்த்துத்தான் கத்தினேன். "நீங்கதானே? உங்க நாக்கு அழுகட்டும்!" நீயும் மாடத்திலிருந்து கேட்டிருப்பாய். அவர் இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னாரா? தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். தப்பு செய்யாதவன் எதற்குத் தரையைப் பார்க்க வேண்டும்?

அடுத்த வாரம் ரயிலேறினேன். மூன்று வருஷம் கழித்து அம்மா போனாள். கடைசிவரை என்னைப் பற்றி என்ன நினைத்தாள் என்று உனக்குத்தான் தெரியும். நீ எழுதியதே இல்லை, நானும் கேட்டதில்லை.

போதும். இந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு ஊசி அளவு ஏறிவிடுகிறது. உன் எட்டுப் பக்கக் கடிதங்களில் ஒன்றை அனுப்பு.

தம்பி,
நவூம்


கொலோனியா பெனியேல்
28 ஆகஸ்ட் 1957

தம்பி நவூமுக்கு,

நீ சுகமாயிருக்க வேண்டுமென்று இன்று காலை உன் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டேன்.

எலூல் மாதம் இன்று பிறந்தது. காலைத் தொழுகை முடிந்ததும் கொம்பூதினார்கள். நான் பால் கறந்துகொண்டிருந்தேன். அவ்வளவு தூரத்துக்கு அந்தச் சத்தம் வரும் என்று நினைக்கவே இல்லை. மாடு அசையாமல் நின்றது. என் கையும் நின்றுவிட்டது. இனிப் பெருநோன்பு முடியும்வரை நாற்பது நாள், ஒவ்வொருவரும் மற்றவரிடம் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும். மனிதனுக்குச் செய்த தப்பை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும், கடவுளே நினைத்தாலும் அதை எடுத்துச் செய்ய முடியாது என்று போருஹ் மாமா வருஷா வருஷம் சொல்வார். சின்ன வயதில் நமக்கு அது சிரிப்பாக இருக்கும். கடவுளால் முடியாதது என் தம்பியால் முடியுமா என்று உன்னைச் சீண்டுவேன். இப்போது சிரிப்பு வரவில்லை.

நவூம், இந்த வருஷத்திலும் இதற்கு முந்தின எல்லா வருஷங்களிலும் தெரிந்தோ தெரியாமலோ நான் உனக்கு ஏதாவது தீங்கு செய்திருந்தால் என்னை மன்னித்துவிடு.

மலைவேம்பு மொட்டு விட்டிருக்கிறது. இங்கே எல்லாரும் நலம்.

அக்கா பெர்லா


கொமொதோரோ ரிவதாவியா
9 செப்டம்பர் 1957

அன்புள்ள அக்கா,

நலம், நலமறிய ஆவல்.

தெரிந்தது, தெரியாதது, பாதி தெரிந்தது எல்லாவற்றையும் மன்னித்து முத்திரை குத்தியாயிற்று. ஏழு வயதில் என் பட்டத்தைக் கிணற்றில் போட்டாயே, அது தனிக் கேஸ். அதை யோசிக்க வேண்டும். என் பங்குக்கு நானும் கேட்டுக்கொள்கிறேன்: உன் சமையலைப் பற்றிச் சொன்னதெல்லாம் வாபஸ்.

ஒருவரைத் தவிர உலகத்தில் யாரையும் மன்னிக்கத் தயார். அவர் பெயர் உனக்குத் தெரியும். அவரும் கேட்காமலே போய்விட்டார்.

பண்டிகைக்கு வரவில்லை. வற்புறுத்தாதே. அந்தக் கூடத்தின் வாசற்படியை மிதித்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

தம்பி,
நவூம்


கொலோனியா பெனியேல்
25 செப்டம்பர் 1957, புத்தாண்டுக்கு முந்தின நாள்

நவூம்,

சூரியன் இறங்கினால் பண்டிகை, பேனாவைத் தொடக் கூடாது. அதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

நீ கண்ணை மூடிக்கொண்டு கொடுத்த மன்னிப்பு எனக்குச் செல்லாது. என்ன செய்தேன் என்று சொல்லாமல் வாங்கியது அது. சொல்கிறேன். நீ உட்கார்ந்து படி.

நான்தான் சொன்னேன். போருஹ் மாமா இல்லை. நான்.

அன்றைக்கு மத்தியானம் பசியில் அம்மாவுக்குத் தலை சுற்றியது. முகர்ந்து பார்க்க, கிராம்பு குத்தி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து வர என்னை வீட்டுக்கு அனுப்பினாள். லாயத்தைத் தாண்டும்போது சந்து வழியாக உன்னைப் பார்த்தேன். வாயில் ரொட்டி, கையில் கடிகாரம். நான் திரும்பி மாடத்துக்கு வந்து கோரினின் மனைவி ஃபான்யாவின் காதில், "கொம்பூதறவரு லாயத்துல ரொட்டி ஊதிட்டு இருக்காரு" என்றேன். கோபம்கூட இல்லை, நவூம். பசி மயக்கத்தில் ஒரு சிரிப்புக்காகச் சொன்னேன். நீ கேட்ட சிரிப்பு அவளுடையது.

நீ போருஹ் மாமாவைப் பார்த்துக் கத்தியபோது நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே இறங்கி வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ ரயிலேறினாய். அம்மா, "அவன் சாப்பிட்டானா? நெஜமாவா?" என்று மூன்று வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தாள். நான், "விடும்மா" என்பேன். அப்படியே போய்ச் சேர்ந்தாள். வேண்டுமென்றே கெட்டுப் போனாய் என்றுதான் நானும் நம்பிக்கொண்டிருந்தேன். மே மாதம் உன் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

செத்தவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால் பத்து ஆண்களைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போக வேண்டும். இன்று காலை ஊரே அங்கேதான் இருந்தது. அவரவர் அப்பா அம்மாவின் கல்லில் கை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். நான் கோரினிடம் போனேன்.

"பத்துப் பேர் வேணும்."

"யாருகிட்ட?"

"போருஹ் மாமாகிட்ட."

"எதுக்கும்மா?"

"வாங்க, அங்க வந்து சொல்றேன்."

வேறெதுவும் கேட்காமல் வந்தார்கள், நவூம். அப்பா கல்லறையில் நின்றவர்கள் அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். ஈர மண், வெறுங்கால். செய்த தப்பைப் பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும், ஆனால் செத்தவருக்கு அவமானம் வருமானால் சொல்லக் கூடாது என்று கோரின் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னார். "அவருக்கு இல்ல, எனக்குத்தான்" என்றேன்.

"இஸ்ரவேலின் கடவுளுக்கும் இந்தப் போருஹுக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன்" என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். உன் நோயையும் சொல்லிவிட்டேன். அதைச் சொல்லாமல் அவர் மேலிருந்த பழியை எடுக்க வழியில்லை. உன்னைக் கேட்காமல் மறுபடியும் உன் கதையை ஊருக்குச் சொன்னவள் நான்தான். அதற்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்துப் பேரும் ஒரே குரலில், "உனக்கு மன்னிப்பு உண்டு" என்று மூன்று தரம் சொன்னார்கள். முதல் தரம் சாதாரணமாகத்தான் இருந்தது. இரண்டாவதில் சுற்றி இருந்த அழுகையெல்லாம் நின்றது. மூன்றாவதில் என் கால் தரையில் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தினம் பார்க்கிற முகங்கள்தான். பால் கணக்குக்குச் சண்டை போடுகிறவர்கள்தான். அவர்கள் வாயிலிருந்து அந்த வார்த்தை வரும்போது அது அவர்களுடைய வார்த்தையாக இல்லை. கோரின் முகத்தைப் பொத்திக்கொண்டு, "பிடுங்குனது என் கைதானேம்மா" என்றார்.

மால்கே அத்தையும் அங்கே நின்றிருந்தாள். எல்லாரும் நகர்ந்த பிறகு என்னிடம் வந்தாள். "அவருக்கு அன்னிக்கே தெரியும்டி. ஒந்தம்பிக்குத் தண்ணி எடுத்துட்டு வந்தவரு, நீ சந்துல கண்ண வச்சு நின்னதப் பாத்துட்டாரு."

"பின்ன ஏன் அத்தை சொல்லலை?"

"'சொன்னா அக்காவும் தம்பியும் பிரிஞ்சுருவாங்க மால்கே. எம்மேலயே கோவமா இருந்துட்டுப் போறான், நான் கூடப் பொறந்தவனா என்ன'ன்னாரு. ஒங்க வீட்டு வாசலத் தாண்டுறப்பெல்லாம் தலையக் குனிஞ்சுட்டுத்தான் போவாரு. ஒனக்காக வெக்கப்பட்டாருடி, பதினாலு வருசம்."

என்னை மன்னித்தாயா என்று அவளிடம் கேட்டேன். "அவரு மன்னிச்சுருப்பாரு. எனக்கு இன்னும் வேள வரல" என்று போய்விட்டாள்.

உனக்கும் வேளை வராமல் போகலாம். ஆனாலும் கேட்கிறேன். நவூம், என்னை மன்னித்துவிடு.

நல்ல வருஷத்துக்கென்று உன் பெயர் மேலே எழுதப்படட்டும்.

பெர்லா


கொலோனியா பெனியேல்
6 அக்டோபர் 1957

நவூமுக்கு,

கடிதம் கிடைத்ததா? உடம்பு நன்றாக இருக்கிறதா, அதை மட்டுமாவது எழுது.

நேற்றுப் பெருநோன்பு. தோல் செருப்புக் கூடாத நாள் அல்லவா, கூடம் முழுக்கக் கயிற்றுச் செருப்புகள்தான். வயலுக்குப் போகிற கூட்டம் வழி தப்பிக் கூடத்துக்குள் வந்தது போல இருந்தது. மத்தியானம் வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் எல்லாரும் மண்டியிட்டு நெற்றி தரையில் பட விழுவார்களே, அதை மாடத்திலிருந்து எத்தனையோ வருஷம் பார்த்திருக்கிறேன். மேலிருந்து பார்த்தால் வெள்ளைப் போர்வைகள் மட்டும் தெரியும், தலைகள் தெரியாது. யார் பெரியவர், யார் சின்னவர், யார் யாரிடம் என்ன பேசினார்கள், ஒன்றும் தெரியாது. நேற்று எனக்கு எலும்புக்குள் குளிர்ந்தது. இவ்வளவு பெரிய ஒன்றின் கீழே உட்கார்ந்துகொண்டா நான் அன்றைக்கு ஜோக்கடித்தேன்?

மாலை, கதவு சாத்தும் தொழுகை. வேதச் சுருள் பெட்டகம் திறந்தே இருந்தது, அதனால் யாரும் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை. முழு நேரமும் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டேன். அது மேலே இருப்பவரிடம் கேட்க வேண்டியது அல்ல என்று தெரிந்தும் கேட்டேன்.

இரண்டாம் முறையாக உன்னிடம் கேட்கிறேன். மூன்று முறை கேட்கலாம் என்று சட்டம்.

பெர்லா


கொமொதோரோ ரிவதாவியா
9 அக்டோபர் 1957

பெர்லா,

நலமாகத்தான் இருக்கிறேன். முதலில் அதை எழுதிவிட்டேன்.

உன் செப்டம்பர் கடிதம் நோன்புக்கு முந்தின மத்தியானம் கிடைத்தது. படித்துவிட்டு நீ கொடுத்த சட்டையைக் கழற்றி மூலையில் வீசினேன். கையில் கிடைத்த இடுக்கியைச் சுவரில் எறிந்தேன். பிறகு குளிர் தாங்காமல் அதே சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே நடந்தேன். காற்று பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போய் விட்ட இடம், ஆணியும் வாளியும் விற்கிற கடையின் மாடி. இங்கே இருக்கிற நம்மவர்கள் அங்கேதான் தொழுவார்கள். பதினாலு வருஷத்தில் ஒரு தடவைகூட நான் ஏறாத படி. பொழுது சாய்ந்து நோன்பு தொடங்கிவிட்டது, உன் கடிதம் பையிலேயே இருந்தது. அந்த நாளில் எதையும் சுமக்கக் கூடாது. சுமந்தேன்.

பதின்மூன்று பேர். கண்ணாடிக் கடைக்காரர் ஸாந்த்லர் தொழுகை நடத்தினார். முதல் வாக்கியமே, பாவம் செய்தவர்களோடு சேர்ந்து தொழ எங்களுக்கு அனுமதி என்பதுதான். விண்ணுலக மன்றத்தின் பெயராலும் மண்ணுலக மன்றத்தின் பெயராலும். சின்ன வயதிலிருந்து கேட்டது. ஊரை விட்டு வந்த பிறகு, அந்தப் பாவி நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று என் பக்கத்தில் போருஹ் நின்றார். பைக்குள் நீ இருந்தாய். மூன்று பேரில் யாருக்காக அந்த அனுமதி என்று புரியவில்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். பயம் என்றால் பயம். ஓட வைக்கிற பயம் இல்லை, அசைய விடாத பயம்.

மறுநாள் மத்தியானம் நான் சாப்பிட வேண்டிய வேளை வந்தது. வழக்கமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டுதான் தின்பேன். அன்று கூடத்திலேயே ரொட்டியை எடுத்தேன். ஸாந்த்லரிடம், "எனக்குச் சர்க்கரை. நான் சாப்பிட்டாகணும்" என்றேன். சத்தம் பெரிதாகவே வந்துவிட்டது. அவர் தன் ஸ்டூலை எனக்கு நகர்த்திவிட்டு, "உக்காந்து சாப்பிடு. சாப்பிடறதும் ஒனக்குத் தொழுகைதான்" என்றார். கடிகாரத்தை இன்னொருவர் வாங்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு வாய், காத்திருப்பு, ஒரு வாய். யாரும் சிரிக்கவில்லை. ஊருக்கெல்லாம் என் நோயைச் சொல்லிவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, உன் வாய் செய்த முதல் நல்ல காரியம் அதுதான் என்று அப்போது தோன்றியது.

ஆனால் போருஹ். ஊர் முன்னால் அவர் நாக்கு அழுகட்டும் என்றவன் நான். அவர் தரையைப் பார்த்தது எதற்கென்று இப்போதுதான் தெரிகிறது. அவர் எனக்குப் பண்ணிய சத்தியத்தையும் காப்பாற்றினார், உன்னையும் காப்பாற்றினார். நானோ அவர் செத்த பிறகும் அவரைச் சபித்துக்கொண்டிருந்தேன்.

ஸாந்த்லரிடம் கேட்டேன். "கல்லறை ரொம்ப தூரத்துல இருந்தா?"

"ஆளை அனுப்பலாம். பத்துப் பேரோட போய் ஒம்பேரால சொல்லணும். அனுப்பற ஆளுதான் ஒன் வாய்."

"யாரை அனுப்பறது?"

"நம்பற ஆளை அனுப்பு. வேற யாரை அனுப்புவே?"

கோரினை நினைத்துப் பார்த்தேன். அத்தானை நினைத்தேன். நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மன்னித்தேன் என்று உனக்கு எழுதப் பார்த்தேன். அம்மா ஞாபகம் வந்தது, அடித்துவிட்டேன். மறுபடி எழுதினேன், மறுபடி அடித்தேன். அந்த வார்த்தை இன்னும் கைக்கு வரவில்லை. பொய்யாக எழுத மாட்டேன். ஆனால் எனக்காகப் பேச ஒரு வாய் வேண்டும் என்று தேடினால் உன் வாய் ஒன்றுதான் தெரிகிறது. அதை நீ எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்.

நீ போ. பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போ. என்னைப் போல நின்று சொல்.

நவூம்


கொலோனியா பெனியேல்
29 அக்டோபர் 1957

என் நவூமுக்கு,

நீ சுகம்தானே? நாங்கள் எல்லாரும் சுகம். ஆளிச்செடி பூத்து வயல் முழுக்க நீலமாக இருக்கிறது.

உன் கடிதம் கூடாரப் பண்டிகை நடுவில் வந்தது. கையில் வாங்கிக்கொண்டு அன்றைக்கே கல்லறைக்கு ஓடப் போனேன். பண்டிகை மாதம் முடியும்வரை அங்கே போகக் கூடாது என்று கோரின் தடுத்துவிட்டார். பத்து நாள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு திரிந்தேன். மூன்று முறை கேட்கலாம் என்று எழுதினேனே, மூன்றாவதை நான் கேட்கப் போவதில்லை. நீ கொடுத்திருப்பது எனக்குப் போதும், அதற்கு மேலும் போதும்.

பெண் தூது போகலாமா என்று ஒருவர் இழுத்தார். கோரின் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "நவூம் யாரச் சொல்றானோ அவங்கதான் போவாங்க" என்றார். அவரே முதல் ஆளாக வந்து நின்றார்.

நேற்றுக் காலை போனோம். செருப்பைக் கழற்றினேன். போன மாதம் எனக்காகச் சொன்னபோது அழுகையாக வந்தது. நேற்று அழுகை வரவில்லை, வாயே வரவில்லை. உன் வார்த்தை என் வாயில் இருந்தது. அது இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. உளறிக் கொட்டித்தானே எனக்குப் பழக்கம்? ஒவ்வொன்றாக, சிந்தாமல் எடுத்து வைத்தேன். "ஆரோனின் மகன் நவூம் ஆகிய நான், இஸ்ரவேலின் கடவுளுக்கும் இந்தப் போருஹுக்கும் விரோதமாகப் பாவம் செய்தேன். குற்றமில்லாதவரைச் சபித்தேன்." நான் என்றுதான் சொன்னேன். சொன்னபோது என் பக்கத்தில் நீ நிற்கவில்லை, நான் நின்ற இடத்திலேயே நின்றாய்.

பத்துப் பேரும் மூன்று தரம் உனக்கு மன்னிப்பு உண்டு என்றார்கள். பூவெல்லாம் நீலமாக அசையாமல் நின்றது. அந்த இடத்தில் மூச்சு விடுவதே அதிகப்பிரசங்கித்தனமாக இருந்தது.

மால்கே அத்தை வேலி ஓரமாக நின்றிருந்தாள். எனக்கு முகம் கொடுத்துப் பேசி ஒரு மாதமாகிறது. மெதுவாக வந்தாள். பத்துப் பேரையும் விலக்கிக்கொண்டு வந்து என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நவூமு, சாப்பிட்டியா?" என்றாள்.

நான் உன் வாய் அல்லவா. "சாப்பிட்டேன் அத்தை" என்றேன்.

உன் அக்கா,
பெர்லா